முதல் வார வசூலும் சாதாரண ரசிகரின் தீர்ப்பும்: ஹாலிவுட் கோடைப் படங்களின் கணக்கை எப்படிப் படிப்பது?

2023 ஜூன் 16 அன்று அமெரிக்காவில் இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் திரைக்கு வந்தன. ஒன்று, வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட சூப்பர் ஹீரோ படமான 'தி ஃப்ளாஷ்'. மற்றொன்று, பிக்சார் நிறுவனத்தின் அனிமேஷன் படமான 'எலிமென்டல்'. முதல் மூன்று நாட்களில் தி ஃப்ளாஷ் சுமார் 5.5 கோடி டாலர் வசூலித்து முதலிடம் பிடித்தது. எலிமென்டல் 2.96 கோடி டாலரோடு நின்றது. திங்கட்கிழமைச் செய்திகள் எலிமென்டலைப் பிக்சார் வரலாற்றின் மோசமான தொடக்கங்களுள் ஒன்றாக எழுதின. கோடை முடிந்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் தி ஃப்ளாஷின் மொத்த வசூல் ஏறத்தாழ 10.8 கோடி டாலர், எலிமென்டலின் மொத்த வசூல் 15.4 கோடி டாலர். உலக அளவில் இடைவெளி இன்னும் பெரியது: முன்னது 27 கோடி, பின்னது 49 கோடிக்கு மேல்.

இரண்டுக்கும் தயாரிப்புச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான், 20 கோடி டாலர் அளவில். விளம்பரத்திலும் இரண்டு நிறுவனங்களுமே குறை வைக்கவில்லை. அப்படியிருக்க, முதல் மூன்று நாட்களில் பின்தங்கிய படம் இறுதியில் முந்தியது எப்படி? ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே தியேட்டருக்குப் போகும் சாதாரண ரசிகர் படத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதே இதற்கான விடை. அந்தக் கருத்து எப்போது உருவாகிறது, எப்படி அளக்கப்படுகிறது, எந்த எண்ணில் தெரிகிறது என்பதை அறியாமல் கோடைப் படங்களின் வசூல் செய்திகளைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

## கோடை எப்போது, ஏன்?

அமெரிக்கத் திரைத்துறைக்குக் கோடை என்பது மே மாதத்தின் முதல் வெள்ளியன்று தொடங்கி, செப்டம்பரின் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறையோடு முடிகிறது. அங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்பதால், வார நாட்களிலும் பகல் காட்சிகளுக்குக் கூட்டம் வரும். 2023இல் இந்தப் பருவத்தின் மொத்த வசூல் 400 கோடி டாலரைத் தாண்டியது. எழுத்தாளர்கள், நடிகர்களின் வேலைநிறுத்தங்களால் படங்கள் தள்ளிப்போன 2024இல் அது சுமார் 370 கோடியாக இறங்கியது. 2025இலும் ஏறத்தாழ அதே அளவில்தான் நின்றது.

இந்தப் பருவத்தின் இன்றைய வடிவம் 1975 ஜூன் 20 அன்று வெளியான 'ஜாஸ்' படத்திலிருந்து வருகிறது. அதுவரை பெரிய படங்கள் முதலில் சில மாநகரங்களின் முக்கியத் திரையரங்குகளில் மட்டும் ஓடும். பார்த்தவர்கள் பேசுவார்கள். பிறகே அடுத்த நகரங்களுக்கும் புறநகர்களுக்கும் படம் நகரும். ஜாஸ் அந்த வரிசையை மாற்றியது. வெளியீட்டுக்கு முந்தைய நாட்களில் தேசியத் தொலைக்காட்சிகளில் விளம்பரத்தைக் குவித்து, அமெரிக்காவில் ஒரே நேரத்தில் 409 திரையரங்குகளில் படத்தை இறக்கினார்கள். இன்று ஒரு பெரிய கோடைப் படம் 4,000க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே நாளில் வெளியாகிறது.

இதில் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. ஜாஸ் ஈட்டியதில் பெரும்பகுதி முதல் வாரத்தில் வந்ததல்ல. அந்தக் கோடை முழுதும் மக்கள் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்ததால் வந்தது. திரைத்துறை அந்தப் படத்திலிருந்து விளம்பரத்தையும் பரவலான வெளியீட்டையும் கற்றுக்கொண்டது; நீண்ட ஓட்டத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. இன்றைய சிக்கல்களில் பல அந்த அரைகுறைப் பாடத்திலிருந்து தொடங்குவதாகவே நான் கருதுகிறேன்.

## முதல் மூன்று நாள் கூட்டம் யாருடையது?

செய்திகளில் வரும் 'உள்நாட்டு வசூல்' என்பது அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்தது. 'தொடக்க வார இறுதி' என்பது வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்கள். ஞாயிறு காலையில் நிறுவனங்கள் தரும் எண் மதிப்பீடு மட்டுமே. உண்மையான கணக்கு திங்களன்றுதான் வரும். அந்தப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

1. தீவிர ரசிகர்கள். அந்தக் கதாபாத்திரத்தையோ படத் தொடரையோ ஆண்டுக்கணக்கில் பின்தொடர்பவர்கள். படம் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் நாளே வந்துவிடுவார்கள்.

2. வியாழன் மாலைச் சிறப்புக் காட்சிகள். பெயருக்கு முன்னோட்டக் காட்சிகள் என்றாலும், அவற்றின் வசூல் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. ஆகவே தொடக்க வார இறுதி உண்மையில் மூன்றரை நாள். 2025இல் வெளியான 'சூப்பர்மேன்', 'தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஆகிய இரண்டுமே இந்த முன்காட்சிகளில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டின.

3. ஐமேக்ஸ் போன்ற உயர்விலைத் திரைகள். முதலில் டிக்கெட் விற்றுத் தீர்வது இவற்றில்தான். கூடுதல் விலை தர முதல் நாள் ரசிகர்கள் தயங்குவதில்லை.

சாதாரண ரசிகர் இந்த மூன்றிலும் பெரும்பாலும் இருக்கமாட்டார். அவர் ஞாயிறு பிற்பகலில் குழந்தைகளோடு வருவார். அல்லது அலுவலகத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்த வாரம் வருவார். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்கத் திரைப்படச் சங்கம் வெளியிட்ட கணக்குகளின்படி, மாதம் ஒரு முறையேனும் தியேட்டருக்குப் போகிறவர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவார்கள். ஆனால் விற்கும் டிக்கெட்டுகளில் ஏறத்தாழ பாதியை அவர்களே வாங்கினார்கள். மீதிப் பாதி, எப்போதாவது வருபவர்களின் கையில் இருந்தது. தொடக்க வாரத்தை முதல் கூட்டம் நிர்ணயிக்கிறது, படத்தின் ஆயுளை இரண்டாம் கூட்டம் நிர்ணயிக்கிறது.

## வாசலில் தரும் அட்டை

படம் பார்த்தவர்களின் கருத்தை அறிய, ஹாலிவுட் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நம்பும் கருவி சினிமாஸ்கோர். 1970களின் இறுதியில் எட் மின்ட்ஸ் என்பவர் லாஸ் வேகஸில் தொடங்கிய நிறுவனம் இது. இன்றும் செய்முறை எளிமையானதுதான். படம் வெளியாகும் இரவு, தேர்ந்தெடுத்த சில நகரங்களின் திரையரங்குகளில் நிறுவனத்தின் ஆட்கள் நின்று பார்வையாளர்களிடம் ஒரு சிறிய அட்டையைக் கொடுப்பார்கள். அதில் படத்துக்கான மதிப்பெண், வயது, ஆணா பெண்ணா, எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள் போன்ற சில கேள்விகள் மட்டுமே இருக்கும். பேனா தேடவேண்டியதில்லை; ஓரத்தில் உள்ள துண்டுகளில் தம் விடைக்குரியதை மடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். சில நூறு அட்டைகளைக் கூட்டி, பள்ளித் தேர்வு போல 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை ஓர் எழுத்து அறிவிப்பார்கள்.

இந்த எழுத்தைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அட்டையை மடிப்பவர்கள் அன்றிரவே அந்தப் படத்துக்கு வரவேண்டும் என்று விரும்பிப் பணம் கொடுத்து வந்தவர்கள். அவர்கள் மனம் ஏற்கெனவே படத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. எனவே 'ஏ' என்பது திருப்தி. 'பி' என்பது ஏமாற்றம். 'சி' வந்தால் படம் அடுத்த வாரம் படுத்துவிடும். 2023 ஜூனில் எலிமென்டல் பெற்றது 'ஏ'. தி ஃப்ளாஷ் பெற்றது 'பி'. தீர்ப்பு முதல் இரவிலேயே எழுதப்பட்டுவிட்டது. வசூல் எண்கள் அதை உணர ஒரு வாரம் பிடித்தது.

இதோடு அடிக்கடி சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படுவது, விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தின் சதவீதம். அது மதிப்பெண் இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்ற அளவிலோ அதற்கு மேலோ எழுதினார்கள் என்ற விகிதம் மட்டுமே. பத்து விமர்சகர்களும் பத்துக்கு ஆறு என்று எழுதினால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம் கிடைக்கும். ஏழு பேர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடி, மூன்று பேர் வெறுத்தால் 70 சதவீதம்தான். அதே தளத்தில் ரசிகர்களுக்கென்று தனிச் சதவீதம் உண்டு. படம் வெளிவருவதற்கு முன்பே கூட்டமாக வந்து அதைக் குலைக்க முயன்றவர்களால், 2019 முதல் டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்தவர்களின் கருத்து தனியாகக் காட்டப்படுகிறது. விமர்சகர்களின் பாராட்டு மட்டும் கூட்டத்தைக் கொண்டுவருவதில்லை என்பதற்கு 2024 மே மாதம் வெளியான 'ஃபியூரியோசா' சாட்சி. விமர்சகர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் ஆதரித்தும், சுமார் 17 கோடி டாலர் செலவான அந்தப் படம் உலகெங்கும் வசூலித்தது ஏறத்தாழ அதே 17 கோடிதான். வசூலில் சுமார் பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும் என்பதை நினைவில் கொண்டால் நட்டத்தின் அளவு புரியும்.

## கருத்து எண்ணாக மாறும் இடம்

சாதாரண ரசிகர் பெரும்பாலும் விமர்சனம் எழுதுவதில்லை, அட்டையை மடிப்பதும் இல்லை. வீட்டில், வேலையிடத்தில், தொலைபேசியில் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்கிறார். அந்தப் பேச்சு இரண்டு எண்களில் மட்டும் வெளிப்படையாகத் தெரிகிறது.

முதலாவது, இரண்டாம் வார இறுதியின் வீழ்ச்சி. முதல் வார இறுதியோடு ஒப்பிட்டால் வசூல் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதே இது. பெரிய கோடைப் படங்களுக்கு 50 முதல் 60 சதவீதம் வரை குறைவது வழக்கமானது. வீழ்ச்சி 40 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் மக்கள் பேசுகிறார்கள் என்று பொருள். 65ஐத் தாண்டினால் ரசிகர் படையோடு கூட்டம் முடிந்துவிட்டது.

இரண்டாவது, மடங்கு. மொத்த உள்நாட்டு வசூல் தொடக்க வார இறுதி வசூலைப் போல் எத்தனை பங்கு என்பது. இன்றைய பெரிய படங்களுக்கு இரண்டரை சாதாரணம், மூன்று நல்லது, நான்கு அரிது.

இப்போது தொடக்கத்தில் பார்த்த இரண்டு படங்களையும் வைத்துப் பார்க்கலாம். தி ஃப்ளாஷ் இரண்டாம் வாரம் 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மடங்கு இரண்டைக்கூடத் தொடவில்லை. அதாவது, அந்தப் படத்தின் மொத்த உள்நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் முதல் மூன்று நாட்களிலேயே வந்துவிட்டது. எலிமென்டல் 38 சதவீதம்தான் குறைந்தது. மடங்கு ஐந்தைத் தாண்டியது. நெருப்பாகவும் நீராகவும் உருவகிக்கப்பட்ட இருவரின் காதலையும், வேறு ஊரிலிருந்து வந்து கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கவலைகளையும் சொல்லும் கதை அது. இயக்குநர் பீட்டர் சோன் கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகன். அவர்களின் வாழ்க்கையிலிருந்தே அந்தக் கதை வந்தது. தென்கொரியாவில் மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். 'பெற்றோரை அழைத்துக்கொண்டு போ' என்று மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடிய படம் அது. எந்த விளம்பரத்தாலும் வாங்கமுடியாத வாக்கியம் அது.

இதே கோடையின் ஜூலை 21 அன்று வெளியான 'பார்பி', 'ஓப்பன்ஹைமர்' இரண்டும் இந்த அளவுகோலில் அசாதாரணமானவை. பார்பி 16.2 கோடி டாலரோடும், ஓப்பன்ஹைமர் 8.2 கோடியோடும் தொடங்கின. இவ்வளவு பெரிய தொடக்கத்துக்குப் பிறகு பாதிக்கு மேல் சரிவதே இயல்பு; இரண்டுமே சுமார் 43 சதவீதம்தான் குறைந்தன. இரண்டின் மடங்கும் நான்கை ஒட்டி நின்றது. மூன்று மணி நேரம் ஓடும், பெரும்பகுதி அறைகளுக்குள் மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும், ஓர் இயற்பியலாளரின் வாழ்க்கைப் படம் கோடையில் இப்படி ஓடியது, சாதாரண ரசிகரைப் பற்றித் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் மதிப்பீடு எவ்வளவு தாழ்வானது என்பதைக் காட்டியது. அவருக்குப் புரியாது என்று நினைத்து எடுக்கப்படாத கதைகள் எத்தனையோ.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 2022இன் 'டாப் கன்: மேவரிக்'. சினிமாஸ்கோரில் 'ஏ பிளஸ்'. இரண்டாம் வார வீழ்ச்சி 29 சதவீதம். மூன்று நாள் தொடக்க வசூலைப் போல் ஐந்தரைப் பங்குக்கு மேல் உள்நாட்டில் மட்டும் ஈட்டியது. பல ஆண்டுகளாகத் தியேட்டர் பக்கமே வராத நடுவயதினர் வந்தார்கள். வந்தவர்கள் மீண்டும் வந்தார்கள்.

## மதிப்பெண் நன்றாக இருந்தும் சரிவது ஏன்?

2025 ஜூலையில் வெளியான தி ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்துக்குச் சினிமாஸ்கோரில் 'ஏ மைனஸ்' கிடைத்தது. தொடக்கம் சுமார் 11.8 கோடி டாலர். இரண்டாம் வாரம் 66 சதவீதம் சரிந்தது. இரண்டு வாரம் முன்னதாக வந்து, அதே 'ஏ மைனஸ்' பெற்ற சூப்பர்மேன் 53 சதவீதம் மட்டுமே குறைந்தது. ஒரே மதிப்பெண், வேறு வேறு முடிவு.

படம் பிடிக்கவில்லை என்று சாதாரண ரசிகர் சொன்னதால் ஃபென்டாஸ்டிக் ஃபோர் சரிந்ததாகக் கொள்ள முடியாது. அவரில் பெரும்பாலோர் வரவே இல்லை. வராதவர்களின் கருத்தை எந்த அட்டையும் பதிவுசெய்யாது. சூப்பர்மேன், சிறுவயது முதல் எல்லோருக்கும் தெரிந்த பெயர். முன்னால் எதையும் பார்த்திருக்கத் தேவையில்லாத புதிய தொடக்கமாகவும் அது விற்கப்பட்டது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் உள்ளிட்ட மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படங்களோ பத்தாண்டுக்கும் மேலாக ஒன்றோடொன்று பின்னப்பட்டவை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் என்ற இணையவழித் தளம் தொடங்கிய பிறகு, அந்தக் கதையின் பகுதிகள் தொலைக்காட்சித் தொடர்களாகவும் வரத் தொடங்கின. ஃபென்டாஸ்டிக் ஃபோர் உண்மையில் தனித்து நிற்கும் கதைதான். ஆனால் ஆண்டுக்கு மூன்று படம் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பாடத்திட்டம் பெரிதாகிவிட்டது என்ற எண்ணம் ஒருமுறை மனத்தில் படிந்தால், அது எளிதில் நீங்குவதில்லை.

செலவும் சேர்ந்துகொள்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கினால் அமெரிக்காவில் 50 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். சுமாரான படத்துக்கு அந்தத் தொகையைத் தர அவர் தயாராக இல்லை என்பதைக் குறையாகச் சொல்வதில் நியாயமில்லை.

## இந்த அளவுகோல்கள் பொய்க்கும் இடங்கள்

திகில் படங்களுக்கு இந்த மதிப்பெண்கள் பொருந்துவதில்லை. 2018 ஜூனில் வந்த 'ஹெரெடிட்டரி' சினிமாஸ்கோரில் 'டி பிளஸ்' பெற்றது. வழக்கமான பேய்ப் படத்தை எதிர்பார்த்து முதல் இரவு வந்தவர்கள், மெதுவாக நகர்ந்து மனத்தைக் கலங்கடிக்கும் ஒரு குடும்பத் துயரக் கதையைக் கண்டு கோபித்தார்கள். ஆனால் அந்தக் கோபத்தைக் கேள்விப்பட்டே வேறு வகை ரசிகர்கள் வந்தார்கள். மடங்கு மூன்றைத் தாண்டியது. ஏறத்தாழ 1 கோடி டாலர் செலவான படம் உலக அளவில் 8 கோடிக்கு மேல் ஈட்டியது.

மற்றொரு விலக்கு, அமெரிக்காவுக்கு வெளியே அதிகம் சம்பாதிக்கும் படங்கள். 2025இன் 'ஜுராசிக் வேர்ல்ட் ரீபர்த்' வெறும் 'பி' பெற்றும், விமர்சகர்களை இரண்டாகப் பிரித்தும், உலகெங்கும் 86 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் அறுபது சதவீதம் வெளிநாடுகளிலிருந்து. டைனோசரைத் திரையில் பார்க்க எந்த மொழியிலும் குழந்தைகளுக்கு விளக்கம் தேவையில்லை.

## கருத்துக்குக் கிடைக்கும் கால அவகாசம்

வாய்வழிப் பேச்சு பரவ நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் திரைத்துறை அண்மை ஆண்டுகளில் வெட்டியிருக்கிறது. பெருந்தொற்றுக்கு முன் ஒரு படம் திரையரங்கில் மட்டும் கிடைக்கும் காலம் ஏறத்தாழ மூன்று மாதம். 2020 ஜூலையில் யுனிவர்சல் பட நிறுவனமும் ஏஎம்சி என்ற பெரிய திரையரங்கு நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம், பதினேழே நாட்களில் படத்தை வீட்டுத் திரைக்கு வாடகைக்கு விட வழிசெய்தது. பின்னர் 5 கோடி டாலருக்கு மேல் தொடங்கும் படங்களுக்கு மட்டும் அது 31 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இதன் விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. தொடக்கம் பலவீனமாக இருந்தால், படம் நன்றாக இருந்தாலும் நிறுவனம் அதை விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. 2024 மே 3 அன்று வெளியான 'தி ஃபால் கை' சினிமாஸ்கோரில் 'ஏ மைனஸ்' பெற்றது, விமர்சகர்களும் ஆதரித்தார்கள், தொடக்கம் 2.8 கோடி டாலர். மே 21 அன்றே அது வாடகைக்கு வந்துவிட்டது. அப்படியும் அதன் மடங்கு மூன்றைத் தாண்டியது.

2. இதைக் கவனித்த சாதாரண ரசிகர், 'மூன்று வாரம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம்' என்று முடிவெடுக்கப் பழகுகிறார். நண்பர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், அந்தப் பேச்சு டிக்கெட்டாக மாறுவதில்லை.

3. அவர் வராததால் தொடக்க வாரத்தை மட்டுமே நம்பிப் படம் எடுக்கும் போக்கு வளர்கிறது. முதல் நாள் ரசிகர் படை நிச்சயமாக உள்ள தொடர்ச்சிப் படங்களுக்கே பெரும் பணம் ஒதுக்கப்படுகிறது.

இந்த மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதுதான் கவலைக்குரியது. திரையரங்கு உரிமையாளர்களின் அமைப்பான சினிமா யுனைடெட் 2025இல், குறைந்தது 45 நாட்களாவது படம் திரையரங்கில் மட்டும் இருக்கவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. அவர்களுக்கு அதில் சொந்த லாபம் உண்டு என்பது உண்மை. ஆனாலும் எண்கள் அவர்கள் பக்கமே இருக்கின்றன. டாப் கன்: மேவரிக் வீட்டுத் திரைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. எலிமென்டலுக்குப் பிக்சாரின் தாய் நிறுவனமான டிஸ்னி இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. வெளியான பதினேழாம் நாளில் அதன் உள்நாட்டு வசூல் 9 கோடி டாலரை ஒட்டியே இருந்தது. எஞ்சிய 6 கோடிக்கும் மேற்பட்ட டாலர், அதன்பிறகு டிக்கெட் வாங்கியவர்களிடமிருந்து வந்தது.